வேர்முடிச்சுத் திறனைப் பிளாஸ்மிடோடு இடம் மாற்ற முடியுமா?

பயறுச் செடிகளின் வேரில் முடிச்சு உண்டாக்கி வாழும் ரைசோபியம் என்ற மண் பாக்டீரியாவின் கூட்டுவாழ்வுத் திறன் முழுவதும், குரோமோசோமுக்கு வெளியே தனியே இருக்கும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வட்டம் ஒன்றில் இருப்பதாகப் படித்தேன் என்றும், அந்தப் பிளாஸ்மிடை வேறொரு மண் பாக்டீரியாவுக்குக் கொடுத்தால் அதுவும் பயறுச் செடிக்கு நைட்ரஜன் தருமா என்றும், இயற்கையில் அப்படி நடப்பதுண்டா என்றும், நடக்குமென்றால் ஒரு பயிருக்கான ரைசோபியம் இன்னொரு பயிரில் ஏன் பலிப்பதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதையே முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: கூட்டுவாழ்வு என்பது ஒரு பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்து இன்னொன்றில் வைக்கக்கூடிய தனித் தொகுப்பா? என் பதில் இது. முடிச்சை உண்டாக்கும் திறனைப் பெருமளவு அப்படி இடம் மாற்றலாம். முடிச்சுக்குள் சென்று நைட்ரஜனை நிலைநிறுத்தி, அதாவது காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றி, செடிக்குக் கொடுக்கும் திறன் அவ்வளவு எளிதாகக் கூடவே வருவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பாடநூல்களைப் படிப்பவர்களுக்குக் குழப்பம் ஏற்படுகிறது. பாக்டீரியாவின் பக்கத்து மரபியலில்தான் நான் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். செடியின் பக்கம் எனக்குப் படிப்பறிவு மட்டுமே என்பதால் அதைத் தேவையான இடத்தில் மட்டும் தொடுகிறேன்.

முதலில், "பிளாஸ்மிடில் இருக்கிறது" என்ற கூற்றைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். குதிரைமசாலின் வேரில் முடிச்சு உண்டாக்கும் சைனோரைசோபியம் மெலிலோட்டியின் முழு மரபணுத்தொகுதி 2001இல் வெளியானது. அதில் மூன்று பெரிய டிஎன்ஏ வட்டங்கள் உள்ளன: ஏறத்தாழ 36.5 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏவின் நீளத்தை எண்ணும் அலகு) கொண்ட குரோமோசோம், 13.5 லட்சம் கொண்ட பி-சிம்-ஏ, 16.8 லட்சம் கொண்ட பி-சிம்-பி. முடிச்சைத் தொடங்கிவைக்கும் நாட் மரபணுக்களும் நைட்ரஜனை உடைக்கும் நைட்ரஜினேஸ் நொதிக்கான நிஃப் மரபணுக்களும் பி-சிம்-ஏயில் இருக்கின்றன. ஆனால் வேர்த்தூவிக்குள் நுழைவதற்கு வேண்டிய சக்சினோகிளைக்கான் என்ற கூட்டுச்சர்க்கரையைச் செய்யும் எக்ஸோ மரபணுக்களும், செடி தரும் மாலேட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும் டிசிடி மரபணுக்களும் பி-சிம்-பியில் உள்ளன; முடிச்சுக்குள் உயிரோடு நிலைக்க இன்றியமையாத பாக்-ஏ குரோமோசோமில் இருக்கிறது. மற்ற இனங்களில் இந்த அமைப்பே வேறு. 2000இல் வெளியான மீசோரைசோபியம் லோட்டியின் வரிசையில், கூட்டுவாழ்வு மரபணுக்கள் குரோமோசோமுக்குள் செருகிய சுமார் 6.1 லட்சம் கார இணை நீளமுள்ள ஒரு "தீவாக" இருந்தன. சோயாவின் பிராடிரைசோபியத்தில், 2002இல் வரிசைப்படுத்திய யுஎஸ்டிஏ110 என்ற வகையில், பிளாஸ்மிடே கிடையாது. 91 லட்சம் கார இணைகள் கொண்ட ஒரே குரோமோசோமில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆகவே பிளாஸ்மிட் என்பது இந்த மரபணுக்கள் தங்கும் இடங்களுள் ஒன்று மட்டுமே.

இனி, அந்தத் தொகுப்பில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். வேரிலிருந்து கசியும் ஃபிளவனாய்டுகள் என்ற சேர்மங்களை நாட்-டி என்ற பாக்டீரியப் புரதம் உணர்கிறது. குதிரைமசால் பாக்டீரியாவுக்கு லூட்டியோலின் அந்தச் சைகை என்பது 1986இலேயே காட்டப்பட்டுவிட்டது. சோயா பாக்டீரியாவுக்கு ஜெனிஸ்டீனும் டெய்ட்சீனும். நாட்-டி விழித்துக்கொண்டதும் மற்ற நாட் மரபணுக்களை இயக்குகிறது. நாட்-சி புரதம் நான்கைந்து என்-அசிட்டைல்குளுக்கோசமீன் அலகுகளைக் கோர்க்கிறது. நாட்-பி அதன் ஒரு முனையிலுள்ள அசிட்டைல் தொகுதியை நீக்குகிறது. நாட்-ஏ அந்த வெற்றிடத்தில் ஒரு கொழுப்பு அமிலத்தை இணைக்கிறது. இப்படிப் பிறக்கும் மூலக்கூறுதான் நாட் காரணி. ஒரு லிட்டர் நீரில் ஒரு மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே வேர்த்தூவி வளைந்து சுருளத் தொடங்குகிறது. வேரின் உட்பகுதிச் செல்கள் பிளந்து முடிச்சுக்கு அடித்தளம் போடுகின்றன. அதாவது முடிச்சைக் கட்டும் வேலையைச் செய்வது செடிதான்; பாக்டீரியா கொடுப்பது கட்டளை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், முடிச்சுத் திறன் ஏன் எளிதாக இடம் மாறுகிறது என்பது விளங்கிவிடும்: கட்டளை மூலக்கூறைச் செய்யத் தெரிந்தால் போதும், கட்டுமானத்துக்கான மரபணுக்கள் பெறுநரிடம் இருக்க வேண்டியதில்லை. (இதற்கும் விலக்கு உண்டு. ஈஸ்கினோமினி செடிகளில் வாழும் ஒளிச்சேர்க்கை செய்யும் பிராடிரைசோபியம் வகைகள் சிலவற்றில் நாட்-ஏ, நாட்-பி, நாட்-சி மூன்றுமே இல்லை என்று 2007இல் தெரியவந்தது. அவை வேறு வழியில் செடியை எழுப்புகின்றன.)

நாட் காரணியின் முதுகெலும்பு எல்லா இனங்களிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதன் மேலுள்ள ஒப்பனைதான் இனத்துக்கு இனம் மாறுகிறது. உங்கள் கடைசிக் கேள்விக்கான பதிலில் பாதி இங்கே இருக்கிறது. 1990இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஜான் தெனாரியே குழுவினர் சைனோரைசோபியம் மெலிலோட்டியின் நாட் காரணியைப் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பைக் கண்டறிந்தபோது, அதன் ஒரு முனையில் ஒரு சல்பேட் தொகுதி இருந்தது. அந்தச் சல்பேட்டை ஒட்டுவது நாட்-எச் மரபணுவின் வேலை. நாட்-எச் பழுதான பாக்டீரியா குதிரைமசாலில் முடிச்சு உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. அதே நேரத்தில், தனக்குச் சம்பந்தமே இல்லாத வெட்ச் என்ற வேறொரு பயறுச் செடியின் வேரில் முடிச்சு உண்டாக்கத் தொடங்குகிறது. ஒரு மரபணு, ஒரு சல்பேட்: ஓம்புயிரே மாறிவிட்டது. பட்டாணியிலும் இதைப் போன்ற ஒரு நிகழ்வு உண்டு. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த பட்டாணி வகைகள் வழக்கமான பட்டாணி ரைசோபியத்தை ஏற்பதில்லை. துருக்கி மண்ணிலிருந்து பிரித்த டாம் என்ற வகை மட்டும் அவற்றில் முடிச்சு உண்டாக்கியது. காரணம் அதனிடமிருந்த நாட்-எக்ஸ் என்ற கூடுதல் மரபணு. அது நாட் காரணியில் ஓர் அசிட்டைல் தொகுதியைச் சேர்க்கிறது. செடியின் பக்கத்தில் இந்த ஒப்பனையைத் தொட்டு உணரும் ஏற்பிகள் லோட்டஸ் ஜப்பானிகஸ் என்ற சிறு செடியில் 2003இல் அடையாளம் காணப்பட்டன.

ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு இதை மாற்ற முடியும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியது 1978இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் நடந்த வேலை. பட்டாணி ரைசோபியத்தின் ஒரு பிளாஸ்மிடில் டிரான்ஸ்போசான் (இடம் விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு) ஒன்றைச் செருகி அடையாளமிட்டார்கள். கிளோவர் என்ற தீவனப் பயறிலும் பீன்ஸிலும் வாழும் நெருங்கிய உறவினங்களோடு இணைவு (பாக்டீரியாக்கள் தொட்டுக்கொண்டு டிஎன்ஏவைக் கைமாற்றும் முறை) மூலம் அதைச் சேர்த்தபோது, பட்டாணி வேரில் முடிச்சு உண்டாக்கும் திறனும் கூடவே சென்றது. எந்தச் செடியில் முடிச்சு உண்டாக்குகிறது என்பதை வைத்தே இனப்பெயர் சூட்டிவந்த வகைப்பாட்டியலுக்கு இது பெரிய அடி. கைமாறக்கூடிய ஒரு டிஎன்ஏவை வைத்து இனத்தைப் பிரிப்பதில் பொருளில்லை என்று ஆகிவிட்டது. சில ஆண்டுகளில் கிளோவர் ரைசோபியத்தின் பிளாஸ்மிட் அக்ரோபாக்டீரியம் டியூமிஃபேசியன்ஸுக்கும் மாற்றப்பட்டது. செடிகளில் கழலையை உண்டாக்கும் அந்த பாக்டீரியா, கிளோவர் வேரில் முடிச்சுகளை உண்டாக்கியது. ஆனால் அவை பயனற்ற முடிச்சுகள்; நைட்ரஜன் நிலைநிறுத்தல் இல்லை.

பயனற்ற முடிச்சு எப்படி இருக்கும் என்பதை ஆய்வகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க முடியாது. வேரைக் கழுவி, முடிச்சைப் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். வேலை செய்யும் முடிச்சின் உட்புறம் இளஞ்சிவப்பாக, சில சமயம் இரத்தச் சிவப்பாகவே இருக்கும். ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் நிறைந்திருப்பதன் நிறம் அது. பயனற்றதின் உட்புறம் வெளிறிய வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருக்கும். பெரும்பாலும் முடிச்சுகள் சிறியவை. எண்ணிக்கை மட்டும் மிக அதிகம், வேர் முழுவதும் கடுகு தெளித்தாற்போல் பரவியிருக்கும். போதிய நைட்ரஜன் கிடைக்காத செடி மேலும் மேலும் முடிச்சுகளைத் தொடங்கிக்கொண்டே போவதால் இப்படி ஆகிறது. அதனால்தான் முடிச்சுகளின் எண்ணிக்கையை மட்டும் தந்து திறனை நிறுவ முயலும் கட்டுரைகளை நான் ஐயத்தோடு படிக்கிறேன்.

இயற்கையில் இது நடக்கிறதா என்ற கேள்விக்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை நியூசிலாந்திலிருந்து வந்தது. லோட்டஸ் என்ற பயறுச் செடிக்கு (தாமரை அல்ல) ஏற்ற ரைசோபியம் இல்லாத ஒரு நிலத்தில், ஒரே ஒரு பாக்டீரிய வகையை விதையோடு கலந்து விதைத்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து அங்கிருந்த முடிச்சுகளிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், அவற்றில் 19 விழுக்காடு மட்டுமே விதையோடு சென்ற மூல வகை. மீதமெல்லாம் குரோமோசோம் அளவில் வேறுபட்ட உள்ளூர் பாக்டீரியாக்கள். ஆனால் அவற்றிலிருந்த கூட்டுவாழ்வு டிஎன்ஏ மட்டும் மூல வகையினுடையதோடு ஒத்திருந்தது. சல்லிவன், ரான்சன் குழுவினர் 1995இல் இதை வெளியிட்டார்கள். அடுத்து 1998இல், அந்தக் கூட்டுவாழ்வு டிஎன்ஏ 5 லட்சம் கார இணை நீளமுள்ள ஒரு தீவு என்றும், அது முழுவதும் ஒரே தாவலில் இடம் மாறி, புரதம் செய்யத் தேவையான ஃபினைல்அலனின் டிஆர்என்ஏ மரபணுவுக்குள் செருகிக்கொள்கிறது என்றும், செருகிய பிறகும் அந்த டிஆர்என்ஏ மரபணு பழுதாகாமல் மீண்டும் முழுமையடைகிறது என்றும் காட்டினார்கள். இன்றியமையாத ஒரு மரபணுவைத் தன் நுழைவாயிலாக வைத்துக்கொண்டு, அதைச் சிதைக்காமல் உள்ளே போகும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பெறுநர் எந்த வகையானாலும் அந்த மரபணு அதனிடம் இருந்தே தீரும் என்பதால், தீவுக்கு எங்கும் இடம் கிடைக்கிறது.

ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இரண்டாவது சான்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த பைசெருலா என்ற தீவனப் பயறை அங்கு அறிமுகப்படுத்தியபோது, அதற்கேற்ற மீசோரைசோபியம் வகையையும் கூடவே கொண்டுசென்றார்கள். ஆறு ஆண்டுகளில் உள்ளூர் மண் பாக்டீரியாக்கள் அந்தக் கூட்டுவாழ்வுத் தீவைப் பெற்றுக்கொண்டு பைசெருலாவில் முடிச்சு உண்டாக்கத் தொடங்கிவிட்டன. அவற்றில் பல, நைட்ரஜனை மிகக் குறைவாகவே தந்தன. சில தரவே இல்லை. கைமாறியது அதே தீவு, செடியும் அதே செடி. மாறியது பெறுநரின் மீதி மரபணுத்தொகுதி மட்டுமே. (அந்த மூல வகையில் தீவு மூன்று துண்டுகளாகக் குரோமோசோமில் சிதறிக் கிடந்து, இடம் மாறும் வேளையில் ஒன்றுகூடி வட்டமாகி, புதிய இடத்தில் மறுபடி மூன்றாகப் பிரிகிறது என்பது 2016இல் தெரியவந்தது. மரபணுக்களைக் கோர்வையாக வைத்திருப்பதுதான் கைமாற்றத்துக்கு வசதி என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது.)

முடிச்சு வருகிறது, நைட்ரஜன் வருவதில்லை. ஏன்? நைட்ரஜினேஸ் நொதி ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக மாற்றக் குறைந்தது 16 ஏடிபிகளை (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறுகள்) செலவிடுகிறது. அவ்வளவு ஏடிபி வேண்டுமென்றால் ஆக்சிஜன் சுவாசம் வேண்டும். ஆனால் ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி மீளாமல் அழிந்துவிடும். இந்த முரணைத் தீர்க்கச் செடி தன் லெக்ஹீமோகுளோபினால் கட்டற்ற ஆக்சிஜனை மிகத் தாழ்ந்த அளவில் வைத்திருக்கிறது. பாக்டீரியாவோ ஹீம் கொண்ட ஃபிக்ஸ்-எல் என்ற புரதத்தால் அந்தத் தாழ்வை உணர்ந்து, ஃபிக்ஸ்-ஜே வழியாக, மிகக் குறைந்த ஆக்சிஜனையும் பற்றிக்கொள்ளும் ஒரு தனிச் சுவாச நொதியை இயக்கிவிடுகிறது. இந்தச் சைகைத் தொடர் பெறுநரின் ஏற்கெனவே உள்ள ஒழுங்குமுறையோடு இசைய வேண்டும். நிஃப் மரபணுக்களை இயக்கும் நிஃப்-ஏ புரதம், குரோமோசோமிலிருந்து வரும் ஆர்பிஓ-என் என்ற சிக்மா காரணியின் (மரபணுவைப் படிக்கத் தொடங்க உதவும் புரதம்) துணையில்லாமல் எதையும் செய்யாது. செடி தரும் உணவு சர்க்கரையாக அல்ல, மாலேட்டாக வருகிறது. டிசிடி-ஏ பழுதான பாக்டீரியா முடிச்சுக்குள் இருந்தும் பட்டினி கிடக்கும். நிலைநிறுத்திய அம்மோனியாவைத் தானே உண்டுவிடாமல் வெளியே விட வேண்டும். அதற்கு, சாதாரண நிலையில் அம்மோனியாவை உள்வாங்கப் பயன்படும் வழிகளை மூடிவிட வேண்டும். பட்டாணியில் வாழும் ரைசோபியம் லெகுமினோசாரம், முடிச்சுக்குள் சென்றதும் லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற கிளைத்தொடர் அமினோ அமிலங்களைத் தானே செய்வதைக் குறைத்துக்கொண்டு அவற்றுக்குச் செடியை நம்பியிருக்கிறது. அவற்றை வாங்கும் கடத்திகள் பெறுநரிடம் சரியாக இல்லையென்றால் அதன் கதை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னும் இரண்டு தடைகளைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கூட்டுவாழ்வின் இணைப்பு எவ்வளவு நுணுக்கமானது என்பதை அவை காட்டுகின்றன. குதிரைமசாலின் பேரினமான மெடிகாகோ போன்ற செடிகள் தங்கள் முடிச்சுச் செல்களுக்குள் என்சிஆர் எனப்படும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. மெடிகாகோ டிரங்கடுலாவில் இவற்றுக்கு ஏறத்தாழ 700 மரபணுக்கள். இவை பாக்டீரியாவின் செல் பிளவை நிறுத்தி, டிஎன்ஏவை மட்டும் திரும்பத் திரும்பப் பெருக்கச் செய்து, நீண்டு பருத்த, இனி ஒருபோதும் பெருகாத பாக்டீராய்டாக மாற்றிவிடுகின்றன. இவற்றில் பல, வெளியே சாதாரண பாக்டீரியாவைக் கொல்லும் தன்மையுடையவை. குரோமோசோமிலுள்ள பாக்-ஏ இல்லையென்றால் சைனோரைசோபியம் மெலிலோட்டி செடியின் செல்லுக்குள் புகுந்த கையோடு மடிந்துவிடும். சோயாவிலும் பீன்ஸிலும் இந்தக் கொடுமை இல்லை. அங்கே பாக்டீரியா மண்ணுக்குத் திரும்பிப் பெருக முடியும். இரண்டாவது தடை, நைட்ரஜினேஸின் நடுவிலுள்ள இரும்பு-மாலிப்டினம் கூட்டுப்பொருளுக்கு வேண்டிய ஹோமோசிட்ரேட் என்ற சிறு கரிமச் சேர்மம். அதைச் செய்யும் நிஃப்-வி மரபணு பெரும்பாலான ரைசோபியங்களிடம் இல்லை. லோட்டஸ் ஜப்பானிகஸில் ஃபென்1 என்ற செடி மரபணு பழுதானால் முடிச்சுகள் வரும், நைட்ரஜன் வராது. அந்தச் செடிக்குரிய ரைசோபியத்துக்கு வேறொரு பாக்டீரியாவின் நிஃப்-வியைக் கொடுத்தால் நைட்ரஜன் நிலைநிறுத்தல் மீண்டுவிடும் என்று 2009இல் காட்டினார்கள். அதாவது ஹோமோசிட்ரேட்டைச் செடிதான் கொடுத்துவந்திருக்கிறது. பெரும்பாலான ரைசோபியங்கள் மண்ணில் தனியே வாழும்போது நைட்ரஜனை நிலைநிறுத்தாததற்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று. மணிலா அகத்தியின் தண்டிலும் முடிச்சு உண்டாக்கும் அசோரைசோபியம் காலினோடன்ஸ் தனியாகவும் நிலைநிறுத்துகிறது. அதனிடம் நிஃப்-வி இருக்கிறது.

இவ்வளவையும் இரண்டு எண்களில் அடக்கிப் பார்க்கலாம். 2021இல் கனடாவின் ஃபினன் குழுவினர், பி-சிம்-ஏ முழுவதையும் நீக்கிய சைனோரைசோபியம் மெலிலோட்டியில் அதன் பகுதிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார்கள். 13.5 லட்சம் கார இணைகளில் 1.62 லட்சம் இருந்தால் கூட்டுவாழ்வு முழுமையாக மீள்கிறது என்று கண்டு, அதை மேலும் சுருக்கி, 1,290 மரபணுக்களில் 58 போதும் என்ற நிலைக்கு வந்தார்கள். "ஆகா, 58 மரபணுக்கள்தானே" என்று பலர் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த 58ஐப் பெற்றுக்கொண்டது, பி-சிம்-ஏ தவிர மற்ற எல்லாவற்றையும் வைத்திருந்த அதே இனம் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, ரைசோபியம் லெகுமினோசாரத்தின் மரபணுக்களை டிரான்ஸ்போசான் செருகலால் ஒவ்வொன்றாகச் சோதித்த ஆய்வொன்று, வேரருகில் வளர்வதிலிருந்து பட்டாணி முடிச்சில் நைட்ரஜன் தருவது வரை, போட்டிச் சூழலில் ஈடுகொடுக்க 593 மரபணுக்கள் தேவைப்படுவதாகக் கண்டது. இரண்டும் வெவ்வேறு இனங்கள், வெவ்வேறு அளவுகோல்கள். எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து விடை சொல்லக்கூடாது. ஆனாலும் தொகுப்புக்குள் இருப்பதைவிட அதற்கு வெளியே இருப்பது பல மடங்கு என்பது தெளிவு.

உறவு தொலைவாகும்போது தடை எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் சோதனை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். தொட்டாற்சிணுங்கியில் முடிச்சு உண்டாக்கும் குப்ரியாவிடஸ் தைவானென்சிஸின் கூட்டுவாழ்வுப் பிளாஸ்மிடை, செடிகளை வாடச் செய்யும் ரால்ஸ்டோனியா சொலனேசியாரத்துக்குத் துலூஸின் மாசோன்-புவாவ்வான் குழுவினர் கொடுத்தார்கள். முதலில் முடிச்சே வரவில்லை. பெரும் எண்ணிக்கையில் செடிகளில் இட்டுத் தேடியபோது வந்த சில முடிச்சுகளிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்துப் பார்த்ததில், நோயை உண்டாக்கப் பயன்படும், புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்தும் மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு அவற்றில் பழுதாகியிருந்தது. 2010இல் வெளியான முடிவு இது. நட்புக்கு வேண்டிய மரபணுக்கள் கிடைத்த பிறகும் பகைக்குரிய மரபணு அணைந்தால்தான் கதவு திறந்தது. அதன் பிறகு செடியிலிருந்து செடிக்குப் பல சுழற்சிகள் கடத்தியதில் முடிச்சுக்குள் நுழையும் திறன் நன்றாகக் கூடியது. செடிக்குப் பயன் தரும் நைட்ரஜன் நிலைநிறுத்தல் மட்டும் வரவில்லை.

எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருப்பது என்பதையும் பிரித்துச் சொல்கிறேன். கூட்டுவாழ்வு மரபணுக்கள் இயற்கையில் கைமாறுகின்றன என்பது உறுதி. நாட் காரணியின் வடிவம் ஓம்புயிரைத் தீர்மானிப்பதில் முதல் பூட்டு என்பதும் உறுதி. பெறுநரின் பின்னணி மரபணுக்கள் நைட்ரஜன் திறனைத் தீர்மானிக்கின்றன என்பதிலும் ஐயமில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் போன்ற நிகழ்வுகளில் எந்தக் குறிப்பிட்ட மரபணு தடையாகிறது என்பது இனத்துக்கு இனம் மாறக்கூடியது, பொதுவிதி எதுவும் உருவாகவில்லை. பயனற்ற வகைகள் ஏன் மண்ணை நிறைத்துவிடவில்லை என்பதற்கு, நைட்ரஜன் தராத முடிச்சுகளைச் செடி தண்டிக்கிறது என்ற விளக்கம் உண்டு. 2003இல் சோயா முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றிலிருந்து நைட்ரஜனை நீக்கி ஆர்கானை இட்டபோது, உள்ளேயிருந்த பாக்டீரியாவின் பெருக்கம் குறைந்தது. நல்ல சோதனை. ஆனால் ஒரே முடிச்சில் நல்லதும் கெட்டதும் கலந்து வாழும்போது செடியால் அவற்றைப் பிரித்தறிய முடிகிறதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த விளக்கத்தை எல்லா இடத்துக்கும் நீட்டுவதை நான் ஏற்பதில்லை.

ஒரு பயிருக்கான உயிர் உரம் இன்னொன்றில் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இப்போது விடை சொல்லலாம். முதல் பூட்டு நாட் காரணி. அடுத்தது பாக்டீரியாவின் மேற்பரப்புச் சர்க்கரைகள். அதற்கும் அடுத்தது சுரப்புப் புரதங்களும் என்சிஆர் போன்ற உட்புறச் சோதனைகளும். ஆனால் எல்லா வகைகளும் கறாரானவை அல்ல. பப்புவா நியூ கினியில் மொச்சையின் வேரிலிருந்து பிரித்த என்ஜிஆர்234 என்ற வகை 112 பயறுப் பேரினங்களில் முடிச்சு உண்டாக்குகிறது. பயறுக் குடும்பத்தைச் சேராத பாரஸ்போனியாவிலும்கூட. அது பலவகை நாட் காரணிகளைச் செய்கிறது. ஆனால் அந்தச் செடிகள் பலவற்றில் அதன் முடிச்சுகள் நைட்ரஜனைத் தருவதில்லை. பலருக்கும் பொதுவாகப் பொருந்தும் சாவியைத் தேடுபவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும். பொருத்தமான வகையைத் தேர்ந்து இட்ட பிறகும் வயலில் பலன் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் மரபணுப் பொருத்தம் அல்ல, போட்டி: மண்ணில் ஏற்கெனவே நிறைந்திருக்கும், திறன் குறைந்த உள்ளூர் வகைகள் வேரை முதலில் பிடித்துக்கொள்கின்றன. மண்ணில் நைட்ரேட் மிகுந்திருந்தால் செடியே முடிச்சுகளை மட்டுப்படுத்திவிடும்.

உங்கள் ஆய்வைப் பற்றி: வாடல் பாக்டீரியா போன்ற தொலைவான பெறுநரை எடுக்க வேண்டாம், ஈராண்டுப் படிப்புக்குள் முடியாது. ஒரே பேரினத்துக்குள், பிளாஸ்மிடை இழந்த ஒரு வகையையும் நெருங்கிய உறவுள்ள இரண்டு மூன்று மண் வகைகளையும் பெறுநராக வைத்து, ஒரே பிளாஸ்மிடைக் கொடுத்து, முடிச்சு உண்டாக்கலையும் நைட்ரஜன் திறனையும் தனித்தனியே அளந்தால் நல்ல கேள்வியாகும். மரபணு மாற்றிய நுண்ணுயிர்களுக்கான உயிர்ப்பாதுகாப்பு அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பாக்டீரியா இடாத செடி, பிளாஸ்மிட் இல்லாத பெறுநரை இட்ட செடி, கொடுநரை இட்ட செடி, நைட்ரேட் ஊட்டிய செடி என்ற நான்கும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வேண்டும். அசிட்டிலீன் எத்திலீனாக மாறுவதை அளக்கும் சோதனை, நொதி இயங்குகிறது என்பதை மட்டுமே சொல்லும்; செடிக்கு நைட்ரஜன் சேர்ந்ததா என்பதைத் தண்டின் உலர் எடையும் அதிலுள்ள மொத்த நைட்ரஜன் அளவும்தான் சொல்லும். மாணவர்கள் மிகுதியாக ஏமாறும் இடம் இதற்கு முன்பே வந்துவிடுகிறது. இணைவுக்குப் பிறகு எதிருயிரியால் கொடுநரைக் கொன்றுவிட்டதாக நினைப்பார்கள். ஆனால் பல லட்சம் பெறுநர் செல்களுக்கிடையே ஒரே ஒரு கொடுநர் செல் தப்பியிருந்தாலும் வேர் அதைத் தேடிப்பிடித்து முடிச்சில் கோடிக்கணக்காகப் பெருக்கிவிடும். சரியாகக் கிருமி நீக்காத விதையின் தோலிலிருந்தும் அப்படி ஒன்று வரலாம். ஆகவே இளஞ்சிவப்பு முடிச்சு கிடைத்ததும் மகிழ்ந்துவிடாமல், அதை மேற்பரப்புக் கிருமி நீக்கம் செய்து, நசுக்கி, ஈஸ்ட்-மானிடால் வளர்ப்பு ஊடகத் தட்டில் தனிக் காலனிகளாகப் பிரித்து, பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் பயன்படும் 16எஸ் மரபணு மட்டுமன்றி ரெக்-ஏ போன்ற ஒரு குரோமோசோம் மரபணுவையும் வரிசைப்படுத்துங்கள். அது பெறுநருடையதுதான் என்று உறுதியாகும் வரை அடுத்த அளவீட்டைத் தொடங்க வேண்டாம்.